கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே

பங்காருபேட்டையிலிருந்து பேசுகிறேன்.

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது முதல், அவற்றை நம்பித் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்துவந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலும் நம் ஊர் ஜங்ஷனிலும் ரயிலேறி, ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் இறங்கி, பெங்களூரில் உழைத்துவிட்டு இரவில் வீடு திரும்புகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் 2024 மார்ச் 1 அன்று ஒயிட்ஃபீல்டு பக்கத்துக் குந்தலஹள்ளியில், ராமேஸ்வரம் கஃபே என்னும் உணவகத்தில் குண்டு வெடித்துப் பலர் காயமுற்றார்கள் என்ற செய்தி நமக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்று அறியும் வரையில் எத்தனையோ தாய்மார்கள் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஏப்ரல் 12 அன்று, தேசியப் புலனாய்வு முகமை தேடிவந்த இருவர் கொல்கத்தாவுக்கு அருகே பிடிபட்டதாகச் செய்தி வந்தது. ஜனங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், அது இயல்பு. ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு கைதின்போதும் அந்த நிம்மதியோடு சேர்ந்து எழுகிற இன்னொரு குரல் உண்டு. இவர்களுக்கு விசாரணை எதற்கு, வக்கீல் எதற்கு என்று கேட்கும் அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதற்காகவே இந்தக் காணொளி.

பதிலை நான் சட்டப் புத்தகத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. தமிழர்களாகிய நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நேரில் கண்ட ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும், அவரைச் சுற்றிக் காவல் பணியில் நின்றவர்களும், அவரைக் காண வந்த பொதுமக்களும் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டபோது, தேசமே துக்கத்திலும் ஆக்ரோஷத்திலும் ஆழ்ந்தது. தமிழ்நாட்டில் பல இடங்களில் தி.மு.க.வினரின் வீடுகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன. அகதிகளாக வந்திருந்த ஈழத்தமிழர் அனைவர்மீதும் சந்தேகத்தின் நிழல் படிந்தது. கொலைக்குத் திட்டம் தீட்டியவர்களில் முதன்மையானவர் என்று தேடப்பட்ட சிவராசன், இங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் கோணனகுண்டேயில் ஒளிந்திருந்தார். அந்த வீடு முற்றுகையிடப்பட்டு, ஆகஸ்டு 20 காலையில் உள்ளே நுழைந்தபோது ஏழு சடலங்களே கிடைத்தன. முற்றுகையிட்டவர்கள் மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருந்தது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. செத்தவர்கள் நியாயஸ்தலத்தில் வாய் திறக்க முடியாது என்பதால், உயிரோடு பிடிபட்டவர்களின் வாய்மொழிமீதே வழக்கின் பெரும் பாரம் விழுந்தது.

இங்கேதான் சட்டப் பிரச்சினை தொடங்குகிறது. சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளலாகாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விதித்த விதி. வெள்ளைக்கார அரசாங்கம்கூடத் தன் போலீசின் லாக்கப்பை நம்பவில்லை என்பதையே அந்த விதி காட்டுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் தன் 23ஆம் பிரிவில் இதே விதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் ராஜீவ் வழக்குக் காலத்தில் நடப்பிலிருந்த தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இந்த நெடுநாளைய பாதுகாப்பை விலக்கியது. போலீஸ் சூப்பரின்டெண்டென்ட் பதவிக்குக் குறையாத அதிகாரி எழுதிக்கொண்ட வாக்குமூலம் செல்லும் என்றது அதன் 15ஆம் பிரிவு. 1994இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்தப் பிரிவை ஏற்றார்கள், இருவர் ஏற்கவில்லை.

ராஜீவ் வழக்கில் 41 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. அவர்களில் 12 பேர் ஏற்கெனவே இறந்தவர்கள், மூவர் தலைமறைவு, மீதி 26 பேர். பூந்தமல்லித் தனி நீதிமன்றம் மூடிய கதவுகளுக்குப் பின்னே விசாரணை நடத்தி, 1998 ஜனவரி 28 அன்று அந்த 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. பலர் அதைக் கேட்டுத் திருப்தியடைந்தார்கள். ஆனால் 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. அடைக்கலம் கொடுத்தது முதலான சிறு குற்றங்கள் சிலர்மீது நிரூபணமாகியிருந்தாலும், அவற்றுக்குரிய தண்டனைக் காலத்தை அவர்கள் ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டிருந்தார்கள். ஒருகணம் இதை எண்ணிப் பாருங்கள். தூக்கு மேடைக்கு அனுப்பப்பட்ட 26 பேரில் 19 பேர் கொலைக் குற்றவாளிகள் அல்லர் என்று நாட்டின் மிக உயர்ந்த நியாயஸ்தலம் சொல்லிற்று. விசாரணை எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன்.

அந்தத் தீர்ப்பில் என் மனம் ஒப்பாத ஓர் அம்சமும் உண்டு. இந்தக் கொலை தடா சட்டத்தின்படி பயங்கரவாதச் செயல் ஆகாது என்று முடிவு செய்த அதே தீர்ப்பு, தடா சட்டத்தின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் கொலைக் குற்றத்துக்குச் சாட்சியமாகச் செல்லும் என்றது. கடுமையான சட்டம் பொருந்தவில்லையென்றால், அந்தச் சட்டத்தின் துணையால் மட்டுமே கிடைத்த சாட்சியம் எவ்வாறு பொருந்தும்? சட்ட நூலின் வழியில் அதற்கு விடை உண்டு, தீர்ப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் உயிரைப் பறிக்கும் தண்டனை அந்த விடையின்மேல் நிற்கும்போது, அது போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை.

என் சந்தேகம் வீண் அல்ல என்பதைப் பின்னால் நடந்தது காட்டியது. 1991 ஜூன் 11 அன்று, 19 வயதில் கைதான பேரறிவாளன், வெடிகுண்டுக்குப் பயன்பட்ட ஒன்பது வோல்ட் பாட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதிருந்த முக்கியமான குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தை எழுதிய அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்றபின் 2013இல் பகிரங்கமாக ஒன்றைச் சொன்னார். எதற்காக அந்தப் பாட்டரிகள் என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அந்த வாக்கியத்தைத் தாம் எழுதாமல் விட்டதாகவும் அவரே தெரிவித்தார். எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம்! பூட்டிய அறைக்குள் ஓர் அதிகாரியின் பேனா எதை எழுதுகிறது, எதை விடுகிறது என்பதை வெளியிலிருந்து எவராலும் அறிய முடியாது. போலீசிடம் சொன்ன ஒப்புதலை ஏற்காத விதி இருப்பது இதற்காகவே.

காலப்போக்கில் ஜன அபிப்பிராயமும் திரும்பிற்று. 2011இல், எஞ்சிய எழுவரில் மூவரைச் செப்டம்பர் 9 அன்று தூக்கிலிடுவது என நாள் குறிக்கப்பட்டபோது, ஒரு காலத்தில் தூக்கு வேண்டும் என்ற அதே தமிழ்நாட்டில் தூக்கு கூடாது என்ற குரல் ஓங்கியது. காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து உயிர் நீத்தாள். சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2014இல் கருணை மனுக்கள்மீதான தாமதத்தைக் காரணங்காட்டி உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், அவ்வாண்டு நவம்பர் 11 அன்று மற்ற அறுவரும் விடுதலை பெற்றார்கள். கோபம் எவ்வளவு மெய்யோ அவ்வளவு மெய்யே பிற்கால இரக்கமும். ஆனால் இரண்டில் எதுவும் சாட்சியம் ஆகாது. ஸ்ரீபெரும்புதூரில் மாண்ட காவலர்களின் குடும்பத்தார் விடுதலைச் செய்தியைக் கேட்டு வேதனையுற்றார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு புலன் விசாரணை. அது கிடைக்கவில்லை என்பதே அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

இனி வக்கீல் விஷயம். கோயம்புத்தூரில் போலீசாருக்கும் வழக்கறிஞர்களுக்கும் மோதல் நேர்ந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட போலீசாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில், முகமது ரஃபி வழக்கில், இத்தகைய தீர்மானங்கள் எந்தச் சங்கம் போட்டாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மும்பைத் தாக்குதலில் கையும் களவுமாகப் பிடிபட்ட அஜ்மல் கசாபுக்கும் அரசே வக்கீல் ஏற்பாடு செய்தது. கேமராப் படங்களும் நேரில் கண்ட சாட்சிகளும் அத்தனை இருந்தும், மூன்று நீதிமன்றங்களில் விசாரணை நடந்த பிறகே 2012 நவம்பர் 21 அன்று தண்டனை நிறைவேறிற்று. கைதியை முதன்முதல் மாஜிஸ்டிரேட்டின் முன் நிறுத்தும்போதே வக்கீல் உரிமையை அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற விதியைச் சுப்ரீம் கோர்ட் வலியுறுத்தியது அந்தக் கசாப் வழக்கில்தான்.

இன்றைய சட்டமான ஊபா, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தை ஏற்பதில்லை; அந்த அளவில் அது தடாவைவிட மேல். ஆனால் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் தருகிறது. குற்றச்சாட்டு மேலோட்டமாக மெய்யெனத் தோன்றினாலே ஜாமீனும் மறுக்கப்படுகிறது. விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டால், நிரபராதி அந்த ஆண்டுகளை எங்கே போய்க் கேட்பான்? 1998 கோவைக் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான அப்துல் நாசர் மதானி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தபின் 2007இல் அந்த வழக்கில் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். 2021இல் நஜீப் வழக்கில், விசாரணை முடிவு காணாமல் நெடுநாள் சிறைவாசம் தொடர்ந்தால் ஊபாவிலும் ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 மே 15 அன்று, கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்றும் விதித்தது. இவை நல்ல தீர்ப்புகள். ஆயினும் கீழ்க்கோர்ட்டுகளில் அன்றாட வழக்கமாகும்போதே அவற்றால் முழுப் பயன் உண்டு.

அடுத்த முறை ஒரு கைதுச் செய்தியோடு, குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்ற வாசகம் உங்கள் தொலைபேசிக்கு வந்தால், அது மாஜிஸ்டிரேட்டின் முன் சொன்னதா, போலீஸ் நிலையத்தில் சொன்னதா என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் பிறருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் தெருவில் ஒரு வக்கீல் இத்தகைய வழக்கில் ஆஜரானால் அவரைத் தேசத் துரோகி என்று ஏசாதீர்கள். காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. கோலார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். நாடு முழுவதற்குமான உதவி எண் 15100.