"ஒரு சின்ன டவுட் சார்"

எமோஷனல் இன்டெலிஜென்ஸ் பயிற்சின்னு ஆபீஸ்ல மெயில் வந்தாலே நம்ம இன்ஜினியர்களுக்குக் கொட்டாவி வந்துடும். சிரிச்ச முகமா இரு, கோபப்படாதே. இதைச் சொல்ல அரை நாள் எதுக்குன்னு கேட்பாங்க. ஆனா இதே விஷயத்தை உயிர்ப் பிரச்சனையா எடுத்துக்கிட்ட ஒரு துறை இருக்கு: விமானத் துறை.

1978 டிசம்பர் 28. யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் எண் விமானம், 189 பேரோடு அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இறங்க வேண்டும். சக்கரத்தை இறக்கும்போது ஏதோ பலமான சத்தம். சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று சந்தேகம். கேப்டன் அதையே ஆராய்ந்தபடி சுமார் ஒரு மணி நேரம் வானத்தில் சுற்றினார். எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் ஃப்ளைட் இன்ஜினியரும் பேசியது காக்பிட் ஒலிப்பதிவில் இருக்கிறது. பேசினார்கள், ஆனால் உறைக்கிற மாதிரி பேசவில்லை. கடைசியில் நான்கு இன்ஜின்களும் நின்று, விமானம் ஊருக்குள் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை கேப்டனின் கவனக்குறைவைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. ஆனால் மற்ற இருவரும் ஆபத்தின் அளவை முழுதாக உணராததையும், தங்கள் கவலையைக் கேப்டனுக்குப் புரியவைக்காததையும் சேர்த்தே சொன்னது. அதாவது தகவல் காக்பிட்டுக்குள்ளேயே இருந்தது. போகவேண்டிய காதுக்குள் போகவில்லை.

இதன் பிறகு, 1981-ல், யுனைடெட் தன் விமானிகளுக்கு ஒரு புதுப் பயிற்சியை ஆரம்பித்தது. இன்று அதன் பெயர் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட். மேலே இருப்பவர் கேட்கப் பழகணும், கீழே இருப்பவர் தெளிவாகச் சொல்லப் பழகணும். சாராம்சம் இவ்வளவுதான்.

பலன் 1989-ல் தெரிந்தது. அதே நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானத்தில் நடுவானில் ஹைட்ராலிக்ஸ் முழுக்கப் போய்விட்டது. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் காக்பிட்டுக்குள் அழைத்துக்கொண்டார். எல்லோரும் சேர்ந்து, இன்ஜின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து, சூ சிட்டி வரை ஓட்டி வந்தார்கள். 112 பேரைக் காப்பாற்ற முடியவில்லை. இருந்தும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இந்தப் பயிற்சியும் ஒரு முக்கியக் காரணம் என்று ஹேன்ஸ் பிற்பாடு சொன்னார்.

இப்போ நம்ம ஆபீசுக்கு வருவோம். நம்ம ஊர் மீட்டிங்ல "ஒரு சின்ன டவுட் சார்"னு ஒருத்தர் ஆரம்பிச்சா, பெரும்பாலும் அது சின்னதும் இல்லை, டவுட்டும் இல்லை. "இது ஓடாது"ன்னு அர்த்தம். "ட்ரை பண்றேன் சார்"னா முடியாதுன்னு அர்த்தம். மரியாதைங்கிற பேர்ல கெட்ட செய்தியைப் பஞ்சில சுத்திக் குடுக்கறோம். வாங்கறவருக்குப் பஞ்சு மட்டும்தான் தெரியுது.

விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஐந்து படிகளை நாமும் எடுத்துக்கலாம். கூப்பிடு, கவலையைச் சொல், பிரச்சனையைச் சொல், வழியைச் சொல், பதிலைக் கேட்டு வாங்கு. உதாரணமா: "சார், ஒரு நிமிஷம். இன்னைக்கு ரிலீஸ் பண்றதுல எனக்குக் கவலையா இருக்கு. டேட்டாபேஸ் மாத்தறோம், ரோல்பேக் ஸ்கிரிப்ட் இன்னும் டெஸ்ட் பண்ணலை. திங்கட்கிழமை காலையில பண்ணலாம். உங்களுக்கு ஓகேவா?" இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனா தப்பாப் புரிஞ்சுக்க இடமே இல்லை.

டீம் லீடா இருக்கறவங்களுக்கு வேலை இன்னும் கொஞ்சம் கஷ்டம். "சின்ன டவுட்"னு கேட்டதும் லேப்டாப்பை மூடிட்டு, "உனக்கு எது உறுத்துது, சொல்லு"ன்னு கேட்கணும். அந்த டவுட் தப்பாவே இருந்தாலும் சலிச்சுக்காம பதில் சொல்லணும். ஏன்னா, பத்து டவுட்ல ஒன்பது ஒண்ணுமில்லாததா இருக்கலாம். அந்த ஒன்பதுக்கும் நீங்க மூஞ்சியைச் சுளிச்சா, பத்தாவது உங்ககிட்ட வரவே வராது.