பிரசவத்திற்குப் பின் வரும் தலைவலி

குழந்தை பெற்ற சில நாட்களில் தாய்க்குத் தலைவலி. நாளுக்கு நாள் அது கூடுகிறது; வாந்தி வருகிறது; திடீரென ஒரு நாள் வலிப்பு. வீட்டார் 'ஜன்னி கண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் நிகழ்வது என்ன?

மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுவருபவை தமனிகள். திருப்பி எடுத்துச் செல்பவை சிரைகள். சிரைகளில் இரத்தம் உறைந்து அடைத்தால், வடிகால் அடைபட்டது போல மூளையில் இரத்தம் தேங்கும். அழுத்தம் உயரும், மூளை வீங்கும், சில வேளை இரத்தமும் கசியும். கை கால் செயலிழக்கலாம், பார்வை மங்கலாம்.

பேற்றின்போது இரத்தப்பெருக்கு மிகாதிருக்க, கருவுற்ற காலத்திலேயே இரத்தத்தின் உறையும் திறன் கூடுகிறது. பிரசவத்திற்குப் பின்னும் சுமார் 6 வாரங்கள் இந்நிலை நீடிக்கும். அப்போது உடலில் நீர் குறைந்தால் ஆபத்து மிகும். 'பச்சை உடம்பு' என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது ஆகவே தீங்கானது.

எம்.ஆர்.ஐ. படத்தில் அடைப்புத் தெரிந்தால், உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடப்படும். இரத்தக் கசிவு இருக்கும்போது இதைத் தரலாமா என்ற தயக்கம் இருந்தது. கசிவுக்கு மூலகாரணம் அடைப்பே அல்லவா? 1991இல் ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு அத்தயக்கத்தைக் குறைத்தது.

கர்ப்பிணிக்கும் ஹெப்பாரின் ஏற்றதே. அது நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவதில்லை. வார்ஃபரின் மாத்திரையோ கடந்துவிடும். பிரசவத்திற்குப் பின், பாலூட்டும்போது அதைத் தரலாம்.

வலிப்புக்கு இரத்தக் கொதிப்பும் காரணமாகலாம். எதுவென்று மருத்துவமனையில்தான் தெரியும். காலத்தோடு சிகிச்சை பெற்ற தாய்மார்களில் பெரும்பாலோர் நலமடைகின்றனர். மந்திரிப்பதில் ஒரு நாளையும் வீணாக்கலாகாது.