ஜோடி இல்லாமல் விதை இல்லை

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், கிராஃப்-ரைனெட் நகரை அடுத்த கெண்ட்ரூ பகுதி. கல்லும் குத்துச்செடியுமாகக் கிடக்கும் அந்தக் கரூ வறள்நிலம்தான் யூஃபோர்பியா ஒபீசாவின் சொந்த மண். முள் கிடையாது, கிளை கிடையாது. இலையும் முளைத்த வேகத்தில் உதிர்ந்துவிடும். சாம்பல் பச்சை உடம்பில் ஊதா வரியோடிய, பெரும்பாலும் எட்டு விலா கொண்ட உருண்டை. 'பேஸ்பால் செடி' என்பது அதன் செல்லப் பெயர். விலாக்களின் முகட்டில் தையல் மாதிரித் தெரியும் புள்ளிகள், பழைய பூக்காம்புகள் உதிர்ந்த தழும்புகள்.

நம்மூர் வேலியோரச் சதுரக்கள்ளியும் இதுவும் ஒரே பேரினம். கீறினால் அதே கள்ளிப்பால்தான். ஆனால், சதுரக்கள்ளியை ஒடித்து ஊன்றினால் துளிர்த்துவிடும். ஒபீசாவில் ஒடிக்கக் கிளையே இல்லை. பக்கக்கன்றும் வழக்கமாக வராது. விதை மட்டுமே வழி. அந்த விதைக்கும் பனையைப் போல ஆண் தனி, பெண் தனி.

பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களை ஏழு தொகுதிகளாகத் தொகுத்த ஜோசப் டால்டன் ஹூக்கர்தான் 1903-ல் இதற்குப் பெயரிட்டு வெளியுலகுக்கு அறிவித்தார். அழகே ஆபத்தானது. சேகரிப்பாளர்கள் தோண்டித் தோண்டி எடுக்க, சில ஆண்டுகளிலேயே காட்டில் அரிதானது. ஒரு பெண் செடியைப் பிடுங்கினால் பக்கத்து ஆண் செடியின் மகரந்தமும் வீண், சந்ததியே நின்றுபோகும்.

அதைக் காப்பாற்றியது தோட்டங்களில் நடந்த விதை வளர்ப்பு. வீட்டிலும் அதைச் செய்யலாம். பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. அதனால் நாலைந்து நாற்றுகளாவது வேண்டும். உச்சியில் சின்னஞ்சிறு பூக்கள் வரும்போது, மஞ்சள் மகரந்தம் தெரிந்தால் ஆண். பிளவுபட்ட சூல்முடி நீட்டியிருந்தால் பெண். மெல்லிய தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூவில் தடவினால் போதும். பக்கத்தில் யூஃபோர்பியா மெலோஃபார்மிஸ் இருந்தால் தள்ளி வையுங்கள். எளிதில் கலந்து, கலப்பினம் பிறந்துவிடும்.

காய்க்குள் மூன்று விதைகள். முற்றியதும் ஆமணக்கு மாதிரி வெடித்துச் சிதறும். எனவே, காய் பருக்கும்போதே வலைத்துணி கட்டிவிட வேண்டும். புது விதையைப் பருமணலும் சிறு கற்களும் அதிகமுள்ள கலவையில் மேலாக விதைத்து, ஈரம் காயாமல் இளவெயிலில் வைத்தால், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். ஆணிவேர் இறங்குவதால் வளர்ந்த செடிக்கு ஆழமான தொட்டி அவசியம். மண் முழுதும் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரைக்கடியில் நகர்த்தாவிட்டால் அடி அழுகிவிடும். பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும். கையுறை போட்டே தொடுங்கள்.

சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இச்செடி இருக்கிறது. சட்டம் எல்லையில் காவல் நிற்கும். மீதி வாங்குபவர் கையில். விதையில் வளர்த்ததா என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். வாங்கினால் ஒற்றையாக வைக்காமல் ஜோடி சேர்த்து, விதை எடுத்து, நாற்றை நாலு பேருக்குக் கொடுங்கள். நாற்று எளிதாகக் கிடைக்கும் இடத்தில் காட்டைத் தோண்டுபவனுக்கு வேலை இருக்காது.