சிரிக்க வைத்த கையும் நடுங்க வைத்த கையும்

ஊமைப்படம் என்றதும் நம் வீடுகளில் வருகிற முதல் பெயர் சார்லி சாப்ளின். பெரும்பாலும் பேச்சு அந்தப் பெயரோடு முடிந்துவிடும். கறுப்பு வெள்ளை, வசனம் இல்லை, நடுநடுவே எழுத்து அட்டை. இதை உட்கார்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும் என்று பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு படங்கள் போதும் என்பேன். ஒன்று பஸ்டர் கீட்டனின் நகைச்சுவைப் படம் ‘தி ஜெனரல்’. மற்றது எஃப்.டபிள்யூ. முர்னோ இயக்கிய காதல் படம் ‘சன்ரைஸ்’.

இரண்டும் 1927இல் அமெரிக்க ரசிகர்களைச் சந்தித்தவை. அதே ஆண்டு அக்டோபரில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியாகி, பேசும் படங்களுக்குக் கதவு திறந்துவிட்டது. ஆகவே ஊமைப்படக் கலை நன்றாக முற்றி, முடியப் போகும் வேளையில் வந்த படங்கள் இவை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை ஒன்றும் மறுநாள் மற்றொன்றுமாக, அக்கா வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அடுத்தடுத்துப் பார்த்ததால்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இரண்டு படத்திலும், தான் நேசிக்கும் பெண்ணை நோக்கி ஓர் ஆணின் கை ஆத்திரத்தோடு நீள்கிறது. ஒன்றில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மற்றதில் யாரும் மூச்சுவிடவில்லை.

இரண்டு காதல் கொண்ட ஓட்டுநர்

‘தி ஜெனரல்’ படத்தின் நாயகன் ஜானி கிரே ஓர் இரயில் ஓட்டுநர். அவனுக்கு இரண்டு காதல்: ஒன்று ‘ஜெனரல்’ என்ற நீராவி இயந்திரம், மற்றது அன்னபெல். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்குகிறது. படையில் சேரப் போகிறான். ஓட்டுநராக இருப்பதே அதிகப் பயன் என்று அவனை ஒதுக்கிவிடுகிறார்கள். காரணத்தை அவனிடம் சொல்வதில்லை. கோழை என்று நினைத்து அன்னபெல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மனமுடைந்தவன் இரயில் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் போய் உட்காருகிறான். இயந்திரம் புறப்படுகிறது. தண்டோடு சேர்ந்து அவனும் மேலும் கீழுமாகப் போய்வருகிறான். கவலையில் அது அவனுக்கே தெரியவில்லை. கீட்டனின் முகத்தில் ஒரு தசைகூட அசையாது. அவருக்குக் ‘கல்முகம்’ என்று பெயர் வந்தது சும்மா இல்லை.

பிறகு எதிர்ப்படை ஒற்றர்கள் அந்த இயந்திரத்தைக் கடத்திப் போகிறார்கள்; உள்ளே அன்னபெல்லும் மாட்டிக்கொள்கிறாள். ஜானி தனியாளாகத் துரத்துகிறான். இது 1862இல் நடந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவிய கதை. ஓரிகன் மாநிலத்தில் உண்மையான நீராவி இயந்திரங்களை ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். எரியும் பாலம் உடைந்து ஓர் இயந்திரம் ஆற்றில் விழும் காட்சியில் விழுவது பொம்மை அல்ல, நிஜ இயந்திரம். அந்த ஒரு காட்சிக்கே 42,000 டாலர் ஆனதாகச் சொல்வார்கள்.

பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் ஒன்றை எடுத்துச் சொல்வது நல்லது. ஜானி நிற்பது தென்மாநிலங்களின் பக்கம், அதாவது அடிமை முறையைக் கட்டிக்காக்கப் போரிட்ட பக்கம். படம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

நான் சொன்ன அந்தக் கை திரும்பும் வழியில் வருகிறது. அன்னபெல்லை மீட்டு, இயந்திரத்தையும் மீட்டு, எதிரிகள் பின்னால் துரத்த ஜானி பறந்துகொண்டிருக்கிறான். அடுப்புக்கு விறகு வேண்டும். அன்னபெல்லோ இயந்திரத்தின் தரையைத் துடைப்பத்தால் பெருக்குகிறாள். ஓட்டை விழுந்த விறகு நன்றாக இல்லையென்று வெளியே எறிகிறாள். ஒரு சின்னக் குச்சியை எடுத்து அடுப்பில் போடுகிறாள். ஜானி அதைவிடச் சின்னதாக ஒரு சில்லை எடுத்து நீட்டுகிறான். அதையும் பொறுப்பாக வாங்கிப் போடுகிறாள். அவ்வளவுதான், பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்து உலுக்குகிறான். அடுத்த நொடியே முத்தம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்புகிறான். எங்கள் கூடத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

படகில் நீண்ட கை

‘சன்ரைஸ்’ மனிதர்களுக்குப் பெயரே இல்லை. கணவன், மனைவி, நகரத்துப் பெண், அவ்வளவுதான். கிராமத்து விவசாயி ஒருவன் நகரத்துப் பெண்ணிடம் மயங்குகிறான். மனைவியை ஏரியில் மூழ்கடித்துவிட்டு, விபத்து போலக் காட்டி, தான் தப்பிக்க ஒரு நாணல் கட்டை வைத்துக்கொள் என்று அவள் யோசனை சொல்கிறாள். மனைவியைப் படகில் அழைத்துப் போகிறான். ஏரி நடுவே எழுந்து, கனத்த காலடி வைத்து அவளை நெருங்குகிறான். அவள் கைகூப்பிக் கெஞ்சுகிறாள். நீண்ட கைகள் பாதியில் நின்று, அவன் முகத்தையே மூடிக்கொள்கின்றன.

கரை சேர்ந்ததும் அவள் ஓடிப்போய் நகரத்துக்குப் போகும் டிராமில் ஏறிவிடுகிறாள். அவனும் பின்னால் ஏறுகிறான். அதன் பிறகு வரும் காட்சிகளைத்தான் நான் இதுவரை பார்த்த காதல் படங்களிலேயே மிக உயர்வாக வைப்பேன். ஜன்னலுக்கு வெளியே மரங்கள், ஏரி, தொழிற்சாலை, வீடுகள் என்று உலகம் நகர்கிறது. உள்ளே இருவரும் ஒரு சொல் பேசவில்லை. உணவுக்கடையில் அவளுக்குக் கேக் வாங்கித் தருகிறான். வாயருகே கொண்டுபோனவள் உடைந்து அழுகிறாள். பிறகு ஒரு தேவாலயத்தில் யாருக்கோ நடக்கும் திருமணத்தைப் பார்க்கிறார்கள். மனைவியைக் காப்பாய் என்ற உறுதிமொழி காதில் விழுந்ததும் அவன் அவள் மடியில் முகம் புதைத்துக் கதறுகிறான்.

கீட்டன் நிஜ இரயிலை நம்பினார். முர்னோ ஒரு நகரத்தையே அரங்கமாகக் கட்டினார். மனைவியாக நடித்த ஜேனட் கேனர், இதையும் சேர்த்து மூன்று படங்களுக்காக, 1929இல் நடந்த முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

அக்காவின் கேள்வி

படம் முடிந்ததும் அக்காவுக்குக் கோபம். “கொல்லப் பார்த்தவன்டா அவன். ஒரு கேக் வாங்கிக் கொடுத்தா எல்லாம் சரியாப் போயிடுமா?” என்றார். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் உறவில் ஒரு பெண் அடிபட்டு அம்மா வீட்டுக்கு வந்தபோது, பெரியவர்கள் கூடிப் பேசி, கோபத்தில் கை நீட்டிவிட்டான், அனுசரித்துப் போம்மா என்று மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். இப்படி ஒரு கதை இல்லாத குடும்பம் நம்மில் குறைவு.

“அப்போ நேற்று மட்டும் ஏன் சிரிச்சே? அவனும் கழுத்தைத்தானே பிடிச்சான்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அவ பயப்படலையே” என்றார்.

அக்கா சொன்னதில்தான் இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசமே இருக்கிறது. அன்னபெல்லுக்குப் பயப்பட நேரமே இல்லை. ஜானி எவ்வளவு குதித்தாலும் அவளை ஒன்றும் செய்யமாட்டான் என்பது நமக்கும் தெரியும். படகில் இருப்பவளுக்கு அந்த உறுதி போய்விட்டது. போன உறுதி திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பதை முர்னோ அவசரப்படாமல் காட்டுகிறார். கேக்கால் ஒன்றும் சரியாவதில்லை. அவளால் அதைச் சாப்பிட முடியவில்லை. முக்கியமாக, மன்னித்துவிடு என்று சொல்ல அங்கே எந்தப் பெரியவரும் இல்லை. அவன் உடைந்து விழுவதைக் கண்ணால் பார்த்து அவளே முடிவெடுக்கிறாள். எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்குக் கிடைக்காதது அதுதான்.

ஆனாலும் அக்கா விடவில்லை. இரவு திரும்பும் வழியில் புயலில் படகு கவிழ்கிறது. அவளைக் கொல்லும் திட்டத்துக்காகக் கொண்டுவந்த நாணல் கட்டை அவளைக் காப்பாற்றவே கட்டிவிடுகிறான். மனைவி இறந்துவிட்டாள் என்று நினைத்ததும், நகரத்துப் பெண்ணின் கழுத்தை நெரிக்கப் போகிறான். மனைவி உயிரோடு இருக்கும் செய்தி வந்ததால்தான் விடுகிறான். “பார்த்தியா, அந்தக் கை இன்னும் மாறலை” என்றார் அக்கா. அதற்கு என்னிடம் பதில் இல்லை, படத்திலும் இல்லை.

இந்த இரண்டு படங்களும் அன்று வசூலில் ஏமாற்றின. 1989இல் அமெரிக்கா பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் 25 படங்களில் இரண்டுமே இடம்பெற்றன. இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. ‘தி ஜெனரல்’ ஒன்றேகால் மணி நேரம்; சின்னப் பிள்ளைகளோடு முதலில் அதைப் பாருங்கள். ‘சன்ரைஸ்’ ஒன்றரை மணி நேரம். வளர்ந்த பிள்ளைகளோடும், திருமணமானவர்கள் துணையோடும் பார்க்க வேண்டியது. முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு எழுந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று கேளுங்கள்: “நீயாக இருந்தால் அந்தக் கேக்கைச் சாப்பிட்டிருப்பாயா?”