ஹெட்போனுக்கு ஏத்த ஆம்ப்ளிஃபையர்... ரெண்டுக்கும் ஏத்த காது!

"ஏங்க, குக்கர் நாலு விசில் அடிச்சாச்சு. எழுந்து அடுப்பை அணைக்கக் கூடாதா?"

அவர் காதில் விழுந்தால்தானே! தலையில் பெரிய ஹெட்போன், பக்கத்தில் செங்கல் மாதிரி ஒரு ஆம்ப்ளிஃபையர், மூடிய கண்கள் என்று மனிதர் பாட்டில் லயித்திருக்கிறார். 'இதுக்குப் போய் இவ்வளவு பணமா?' என்று மனைவி கேட்க, 'அதோட அருமை உனக்குத் தெரியாது' என்று அவர் சொல்ல... இன்று சில வீடுகளில் இது தினசரிக் காட்சி.

நல்ல ஹெட்போனில் பாட்டு கேட்பது அருமையான பொழுதுபோக்கு. தப்பே இல்லை. ஆனால் எதை வாங்குவது, எதோடு எதைச் சேர்ப்பது என்று தெரியாமல் இறங்கினால் பர்சுக்கும் நஷ்டம், காதுக்கும் நஷ்டம். பர்சில் போனதைத் திரும்பச் சம்பாதிக்கலாம். காதில் போனதை? வாங்க, விவரமாகப் பார்ப்போம்.

திறந்ததா, மூடியதா?

ஹெட்போனில் இரண்டு ஜாதி. பின்பக்கம் முழுதாக மூடியது ஒன்று. வலை போட்டுத் திறந்தது இன்னொன்று. 1968-ல் சென்ஹைசர் கம்பெனி கொண்டுவந்த எச்.டி. 414 மாடல்தான் திறந்த வகைக்குப் பிள்ளையார் சுழி. திறந்த ஹெட்போனில் பாட்டு தலைக்குள் அடைபடாமல், எதிரே உட்கார்ந்து பாடுவதுபோல விசாலமாகக் கேட்கும்.

ஆனால் ஒன்று. உள்ளே இருக்கும் பாட்டு வெளியே போகும், வெளியே இருக்கும் சத்தம் உள்ளே வரும். ராத்திரி படுக்கையறையில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் தூங்குகிறவருக்கும் சேர்த்துக் கச்சேரிதான்! ஃபேன், டி.வி., மிக்ஸி என்று சத்தமுள்ள வீட்டில் அந்த இரைச்சலை அமுக்க, நம்மையறியாமல் வால்யூமைக் கூட்டுவோம். காது கெடுவதற்கு முதல் படி அதுதான். அமைதியான அறை இருந்தால் திறந்தது, இல்லாவிட்டால் மூடியது. அவ்வளவுதான் கணக்கு.

ஓம் என்றால் என்ன?

பெட்டியின் மேல் 32 ஓம், 250 ஓம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். இதுதான் இம்பிடன்ஸ். தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஓம் அதிகம் என்றால் குறுகலான குழாய். அழுத்தித் தள்ளினால்தான் தண்ணீர் வரும். அந்த அழுத்தம்தான் வோல்ட்டேஜ். ஓம் குறைவு என்றால் அகலமான குழாய். லேசாகத் தள்ளினாலே ஓடும், ஆனால் தொட்டியில் அதற்கேற்ற தண்ணீர் இருக்க வேண்டும். அது கரண்ட்.

பேயர்டைனமிக் கம்பெனியின் டி.டி. 990 மாடல் 32, 250, 600 ஓம் என்று மூன்று விதமாக வந்தது. 'பெரிய நம்பர்தானே உசத்தி' என்று 600 ஓம் வாங்கி செல்ஃபோனில் நேராகச் செருகினால், பாட்டு ஈனஸ்வரத்தில்தான் வரும்.

ஓம் மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. 1 மில்லிவாட் மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் சத்தம் தருகிறது என்பதையும் பாருங்கள். இதுதான் சென்சிடிவிடி. ஹைஃபைமேன் எச்.இ.-6 என்றொரு மாடல். ஓம் வெறும் 50. ஆனால் சென்சிடிவிடி 83.5 டெசிபல்தான். பார்க்க சாது, பசியோ யானைப்பசி! சாதாரண ஆம்ப்ளிஃபையர் திணறிவிடும். சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்குப் பதில் 1 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டுச் சொல்வதும் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஒப்பிடும்போது கவனம்.

ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு போதும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 300 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தரும் ஒரு ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். சுகமாகக் கேட்க 77 டெசிபல் போதும். அதற்கு எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு! நடுவில் திடீரென்று மேளம் முழங்கும் இடங்களுக்கு அதைப்போல நூறு மடங்கு, அதாவது 1 மில்லிவாட். அந்த 1 மில்லிவாட்டுக்கு இந்த ஹெட்போனில் சுமார் 0.55 வோல்ட் தேவை.

'அப்படியானால் ஆம்ப்ளிஃபையரே வேண்டாமா?' என்கிறீர்களா? முதலில் கையில் இருப்பதிலேயே கேட்டுப் பாருங்கள். சத்தம் போதவில்லை, பின்னால் 'உஸ்' என்று இரைகிறது, பாஸ் அசிங்கமாக வீங்குகிறது என்றால் மட்டும் ஆம்ப்ளிஃபையர் பக்கம் போங்கள். வாட்ஸ் எவ்வளவு என்பதோடு, அதன் அவுட்புட் இம்பிடன்ஸையும் கேளுங்கள். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள். 'கெயின்' ஸ்விட்ச் இருந்தால் எப்போதும் 'லோ'விலேயே ஆரம்பியுங்கள்.

கடையில் உஷார்!

இரண்டு ஹெட்போனை மாற்றி மாற்றிக் கேட்கும்போது, சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் 'நல்லா இருக்கே' என்று தோன்றும். இது மனித சுபாவம். அதனால் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடச் சொல்லுங்கள். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு அரை மணி நேரம் மாட்டிப் பாருங்கள். கால் கிலோ எடை உறுத்தாது. அரைக் கிலோவைத் தாண்டினால் கழுத்து சொல்லும் சேதி!

விலை? லட்சத்தைத் தாண்டியும் விற்கிறது. ஆனால் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2017-ல் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அலசிப் பார்த்து, ஒலியின் ஏற்ற இறக்கம் எப்படி வருகிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதினார். விலை கூடக் கூட இனிமை கூடும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

காது தாங்குமா?

இப்போது முக்கியமான சமாச்சாரம். உட்காதில் மெல்லிய முடி போன்ற நுனியுள்ள செல்கள் ஒரு காதுக்கு சுமார் 15,000 இருக்கின்றன. சத்தத்தை மூளைக்குச் சேதியாக அனுப்புவது இவற்றின் வேலை. அளவு மீறிய சத்தத்தில் இவை செத்துப்போனால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. எந்த ஆம்ப்ளிஃபையராலும் மீட்க முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 90-ல் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கான அளவே 75 டெசிபல்தான். நாம் பார்த்த ஹெட்போனுக்கு 10 மில்லிவாட் கொடுத்தால் 107 டெசிபல். அந்தச் சத்தத்துக்கு வாரம் முழுவதற்கும் சேர்த்து 5 நிமிஷம்கூடக் கிடையாது! நூற்றுக்கணக்கான மில்லிவாட் தரும் பெட்டிகள் மேஜையில் இருக்கும்போது, வால்யூம் குமிழில் விரல் வைக்கிறவருக்குத்தான் பொறுப்பு.

சில பழக்கங்கள்:

- வால்யூமை பூஜ்யத்தில் வைத்த பிறகே ஹெட்போனை மாட்டுங்கள்.

- ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றிவைத்துக் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

- போன மாதம் போதுமாக இருந்த வால்யூம் இந்த மாதம் போதவில்லையா? பழுது ஆம்ப்ளிஃபையரில் இல்லாமல் காதில் இருக்கலாம்.

- கழற்றிய பிறகு 'ங்ங்...' என்று ரீங்காரம், பஞ்சு அடைத்த மாதிரி மந்தம் இருந்தால், அன்று கேட்டது அதிகம் என்று அர்த்தம். அடிக்கடி வந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

- திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் 'தானா சரியாயிடும்' என்று இருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு யோசனை. வயதாக ஆக, உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். பெரிய தொகை போடுவதற்கு முன் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். ஹெட்போன் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

சரியான ஜோடி அமைந்ததற்கு அடையாளம் என்ன? குறைந்த வால்யூமிலேயே தம்புராவின் ரீங்காரம் வரைக்கும் நிறைவாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் பணம் வீணாகவில்லை. திறந்த ஹெட்போனாக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு... குக்கர் விசில் காதில் விழும்!