சிற்பி பாதியில் நிறுத்திய கடல் சுவர்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில், கப்பலின் தோற்றத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. வளைந்த முனைகள், வட்டச் சன்னல்கள், மேல்தளம் போன்ற மாடிகள். இன்று அது கடல்சார் அருங்காட்சியகம். அதன் சுவர்ச் சிற்பங்கள் கட்டி முடித்தபின் கொண்டுவந்து வைத்த அலங்காரம் அல்ல. சுவரோடு சேர்ந்தே உருவானவை.

கூலி கொடுத்தது யார்?

1930களின் பெருமந்தத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் வேலையின்றித் தவித்தனர். அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் டபிள்யூ.பி.ஏ. வேலைவாய்ப்புத் திட்டம், சாலை போடுபவருக்கு மட்டுமன்றி ஓவியருக்கும் சிற்பிக்கும் வேலை கொடுத்தது. அப்படி 1936இல் தொடங்கி 1939இல் பொதுக் குளியல் மாளிகையாகத் திறக்கப்பட்டதே இந்தக் கட்டடம்.

சுவரில் என்ன இருக்கிறது?

நுழைவாயிலைச் சுற்றிப் பச்சை ஸ்லேட் கல் பதித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பிள்ளைகள் எழுதிப் பழகிய சிலேட்டும் இதே வகைக் கல்தான். அடுக்கடுக்காகப் பிளக்கும் கல் என்பதால் ஆழமாகக் குடைவது கடினம். ஆழமில்லாத செதுக்கலுக்கு ஏற்றது. கறுப்பினச் சிற்பி சார்ஜென்ட் ஜான்சன் அதில் கடல் வாழ்வைச் செதுக்கினார். வெயில் சாயும்போது கோடுகளில் நிழல் விழுந்து உருவங்கள் துலங்கும். கடலைப் பார்த்த தாழ்வாரச் சுவரில், சிறு ஓடுகளைப் பதித்து மீன்களையும் பிற உயிர்களையும் படைத்தார். உள்ளே ஹிலேர் ஹைலர் தீட்டிய ஆழ்கடல் ஓவியங்கள். தாழ்வாரத்தில் பெனியமினோ புஃபானோவின் கடல்நாய், தவளைச் சிலைகள்.

ஏன் முடியவில்லை?

மக்கள் பணத்தில் எழுந்த மாளிகையை மாநகராட்சி தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. குளிக்க வந்தவர்களுக்கான இடத்தில் உணவு விடுதி நுழைந்தது. கலைஞர்கள் எதிர்த்தனர். ஜான்சன் ஓட்டுச் சுவரைப் பாதியில் நிறுத்தினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவம் பயன்படுத்திய கட்டடத்தில் 1951இல் அருங்காட்சியகம் வந்தது. 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. ஜான்சன் 1967இல் மறைந்தார். அந்தச் சுவர் இன்றும் முடிக்கப்படாமலே இருக்கிறது.

தனிச் சிலையை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். சுவரிலேயே செதுக்கிய கலைக்கு அந்த வழியில்லை. கட்டடத்தின் கதியே அதன் கதி. ஆகவே, பொதுக் கட்டடத்தில் கலைக்குப் பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். இப்போது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் அந்த அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.