ஒரே டெஸ்ட்... கோடு மாறினால் நோயாளி 'போதை அடிமை'யா? மெடிக்கல் கோடிங்கில் கவனிக்க வேண்டியது என்ன?

அமெரிக்காவில் ஒருவர், முதுகுவலிக்கு டாக்டர் எழுதித் தந்த ஓபியாய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார். மாத்திரையைச் சரியாக எடுக்கிறாரா என்று பார்க்க, சிறுநீர் பரிசோதனை செய்கிறார்கள். இதற்கு பில் போடும்போது எந்த கோடு போடணும்? சென்னையில் அமெரிக்க பில்களுக்கு கோடிங் செய்யும் இளைஞர்கள் தினமும் சந்திக்கும் கேள்வி இது.

'என்ன', 'ஏன்' - ரெண்டு கோடு

என்ன டெஸ்ட் என்பதைச் சொல்வது சிபிடி கோடு. முதற்கட்ட பரிசோதனைக்கு 80305 முதல் 80307 வரை. ஏன் செய்தார்கள் என்பதைச் சொல்வது ஐசிடி-10 கோடு. இந்த 'ஏன்' பொருந்தாவிட்டால் இன்சூரன்ஸ் பணம் தராது.

யாருக்கு எது?

* டாக்டர் சொல்லி நீண்டகாலம் ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்: இசட்79.891

* ஓபியாய்டுக்கு அடிமையானவர் என டாக்டர் உறுதி செய்தவர்: எஃப்11.20. இதற்காக மெத்தடோன் சிகிச்சை எடுத்தாலும் இதேதான்.

* போலீஸ், கோர்ட் கேட்டதற்காக ரத்தத்தில் மது, போதைப்பொருள் பரிசோதனை: இசட்02.83

எங்கே தப்பு நடக்குது?

மாத்திரை சாப்பிடுகிறார் என்பதற்காகவே எஃப்11.20 போட்டுவிடக் கூடாது. அந்த முத்திரை நோயாளியின் மருத்துவ ஆவணத்தில் நின்றுவிடும். 'சந்தேகம்', 'இருக்கலாம்' என டாக்டர் எழுதியிருந்தாலும், புறநோயாளிக்கு அதை நோயாக கோடு செய்யக் கூடாது என்பது விதி.

பணம் வரணும் என்பதற்காக கோடை மாற்றினால் அது மோசடி. குறிப்பு தெளிவா இல்லையா? ஊகிக்காதீங்க, டாக்டரிடமே விளக்கம் கேளுங்க.